கார்ட்லெஸ் டிரில் புகைந்து நின்றால்: கருகியது எது, பழுது பார்க்கலாமா?

கதவில் பூட்டுப் பொருத்துவதற்காக ஹோல் சா (வட்டமாக அறுக்கும் கிண்ண வடிவ ரம்பம்) கொண்டு பெரிய வட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் புகைந்து நின்றுவிட்டது என்றும், கடையில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் காயில் (மோட்டாரின் கம்பிச் சுற்று) கருகிவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய முடியுமா என்பது நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி. ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடையில் சொன்ன முடிவை நம்பலாமா என்பது ஒன்று. செலவு செய்து மோட்டாரை மாற்றினால் அடுத்த துளையில் அதுவும் கருகிவிடாதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை இந்த இரண்டையும் பொறுத்தே அமையும் என்பதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மின்பொறியியல் படித்து, பல ஆண்டுகளாக மின்கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். சுருக்கமான விடை இதுதான்: புகை வந்தது என்பதிலிருந்து மோட்டார் கருகிவிட்டது என்ற முடிவுக்கு நேராகப் போய்விட முடியாது. இந்த வகை டிரில்லில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய பகுதி), கார்பன் பிரஷ் (சுழலும் அந்தப் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் தரும் கரித்துண்டு), டிரிக்கர் சுவிட்ச், பேட்டரி இணைப்பு முனைகள், பேட்டரியின் உட்புறம் ஆகிய எந்த இடத்திலிருந்தும் புகை வரலாம். கியர் பெட்டியின் கிரீஸ் அளவுமீறிச் சூடானாலும் நெடி வரும். இவற்றில் சிலவற்றை எளிதாக மாற்றிவிடலாம், சிலவற்றை மாற்றுவது வீண். உங்கள் டிரில்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த இடம் என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. நீங்கள் சொன்ன வேலையை வைத்துப் பார்த்தால் மோட்டார் கருகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், வாய்ப்பு உண்டு என்பதற்கும் உறுதி என்பதற்கும் இடையே சில நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் கருவியைத் தூக்கி எறிவது நியாயமில்லை.

முதலில் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். இது புரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும். உங்கள் டிரில்லில் இருப்பது நிலைக்காந்தங்களுக்கு நடுவே ஆர்மேச்சர் சுழலும் நேர்மின்னோட்ட மோட்டார். ஆர்மேச்சர் சுழலும்போது அதுவே ஒரு ஜெனரேட்டரைப் போல எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது. அந்த எதிர் மின்னழுத்தம்தான் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சுமையின்றிச் சுற்றும்போது அது ஏறத்தாழ பேட்டரியின் மின்னழுத்தத்தை எட்டிவிடுவதால் மோட்டார் சில ஆம்பியர்களை மட்டுமே இழுக்கிறது. சுமை ஏற ஏற வேகம் குறைகிறது, எதிர் மின்னழுத்தம் குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. ஹோல் சா மரத்தில் சிக்கி மோட்டார் முற்றிலும் நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தம் சுழியாகிவிடும். அதன் பிறகு மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பி, பிரஷ், சுவிட்ச், பேட்டரி ஆகியவற்றின் சிறிய மின்தடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவை எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால் 18 வோல்ட்டில் 90 ஆம்பியர் பாயும். அதன் திறன் 1620 வாட். சுழற்சியே இல்லாததால் இதில் ஒரு வாட்கூட வேலையாக மாறாது. முழுவதும் வெப்பமாகி, உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரிலும் அதைச் சூழ்ந்த பாகங்களிலும் இறங்குகிறது.

மோட்டார் நின்றுபோவது மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம். நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை நின்றுபோனதால் வந்தவை அல்ல. நிற்கும் தறுவாயில் மெதுவாக நெடுநேரம் உழைத்ததால் வந்தவை. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பி சூடாகச் சூடாக அதன் மின்தடையும் ஏறும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், 25 டிகிரியிலிருந்து 155 டிகிரி செல்சியஸ் வரை போகும்போது அது பாதிக்கு மேல் அதிகரித்துவிடுகிறது. அதே மின்னோட்டத்துக்கு அந்த அளவு கூடுதல் வெப்பம் பிறக்கிறது. இதற்கிடையில் மோட்டாரைக் குளிர்விக்கும் சிறிய விசிறி அதே ஆர்மேச்சர் தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. வெப்பம் மிகுதியாக உண்டாகும் மெதுவான சுழற்சியில்தான் விசிறியின் காற்று மிகக் குறைவாக இருக்கும். இது இவ்வகை மோட்டாரின் அமைப்பிலேயே உள்ள குறை. எந்த நிறுவனத்தின் கருவிக்கும் இது பொது.

செம்புக் கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சுக்கு ஓர் எல்லை உண்டு. மின்காப்புப் பொருள்களைத் தாங்கும் வெப்பநிலையைக் கொண்டு வகைப்படுத்துகிறார்கள்: பி வகுப்பு 130 டிகிரி, எஃப் வகுப்பு 155 டிகிரி, எச் வகுப்பு 180 டிகிரி. எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலேயே பூச்சு உருகிவிடுவதில்லை. அதன் ஆயுள் விரைந்து தேய்கிறது. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் மின்காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் தோராயக் கணிப்பு. எனவே உங்கள் டிரில் அந்த ஒரு துளையில் மட்டும் சாகவில்லை என்பதும் சாத்தியமே. முன்பு பலமுறை சூடேறித் தளர்ந்திருந்த பூச்சு அன்று முழுவதும் விட்டுக்கொடுத்திருக்கலாம். பூச்சு போன இடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகின்றன. அந்தச் சுற்றில் மின்னோட்டம் வட்டமடிக்க, அது மேலும் சூடாகி அண்டைச் சுற்றுகளையும் கெடுக்கிறது. எனாமல் கருகிய நெடி காரமாகவும் கசப்பாகவும் இருக்கும். ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அது காற்றுத் துளைகளின் வழியே நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

இனிச் சோதனைக்கு வருகிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு டிரில்லின் பின்பக்கக் காற்றுத் துளைகளையும், கைப்பிடியில் டிரிக்கர் இருக்கும் இடத்தையும், பேட்டரியையும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள். நெடி எங்கே மிகுதியோ அங்கே முதல் சந்தேகம். அடுத்து, பேட்டரி நுழையும் இடத்திலுள்ள பித்தளை முனைகளைப் பாருங்கள். அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியோ நிறம் மாறியோ இருந்தால், முனைகளின் பிடிப்புத் தளர்ந்து அங்கேயே சூடேறியிருக்கிறது என்று பொருள். மோட்டார் நல்ல நிலையில் இருக்க இடமுண்டு. வெளிவிளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால், பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை மின்சாரம் வருகிறது என்பது மட்டுமே தெரியும். அதற்கு மேல் அதிலிருந்து முடிவெடுக்க முடியாது. அதே வகையைச் சேர்ந்த, நன்றாக வேலை செய்யும் வேறொரு பேட்டரி கிடைத்தால் ஒரே ஒரு நொடி டிரிக்கரை அழுத்திப் பாருங்கள். புகையோ உறுமலோ வந்தால் உடனே விட்டுவிடுங்கள். பிட்டை இறுக்கிப் பிடிக்கும் முன்பகுதியான சக்கைக் கையால் திருப்பிப் பார்த்து, இறுகியிருந்தால் மோட்டார் போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு, அதை நம்பாதீர்கள். இப்போது வரும் பெரும்பாலான கார்ட்லெஸ் டிரில்களில், சக்கை ஒரு கையால் முறுக்குவதற்கு வசதியாகத் தண்டு தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டிரில்லிலும் சக் இறுகியேதான் இருக்கும்.

உறுதியான சோதனைக்கு உறையைத் திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் இதைச் செய்யாதீர்கள். திறந்த தடயம் இருந்தால் உத்தரவாத உரிமையை மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். காலம் முடிந்துவிட்டதென்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, நட்சத்திரத் தலைத் திருகுகளை எடுத்து, மேல் பாதியைத் தூக்கும் முன் பாகங்களும் கம்பிகளும் இருக்கும் நிலையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சுழற்சித் திசையை மாற்றும் நெம்பு, வேகம் மாற்றும் பொத்தான், அதன் மெல்லிய கம்பி ஆகியவை எளிதில் இடம் மாறிவிடும். மோட்டாரைக் கியர் பெட்டியிலிருந்து பிரித்து, சுவிட்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் மோட்டாரிலிருந்து விடுவித்துவிடுங்கள். இந்தக் கடைசிச் செயல் கட்டாயம். டிரிக்கரை விட்டதும் மோட்டார் சட்டென நிற்பதற்காக, ஓய்வு நிலையில் சுவிட்ச் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்தே வைத்திருக்கும்; அதை விடுவிக்காவிட்டால் சோதனை பொய்யான முடிவைத் தரும்.

இப்போது மோட்டாரின் சிறு பல்சக்கரத்தைக் கைவிரல்களால் சுற்றிவிடுங்கள். காந்தங்களின் இழுப்பால் சிறு சிறு தடைகள் தெரியும், அது இயல்பு. அடுத்து, மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். நல்ல மோட்டாராக இருந்தால் இந்த முறை சுற்றுவது தெளிவாகக் கனத்துத் தெரியும். ஆர்மேச்சர் உண்டாக்கும் மின்சாரம் அந்தக் கம்பி வழியே பாய்ந்து சுழற்சியைத் தடுப்பதே காரணம். முனைகள் திறந்திருக்கும்போதே கனமாக இருந்தால் உள்ளே ஏதோ சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. முனைகளை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இலகுவாகச் சுற்றினால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிரஷ் தேய்ந்தோ அதன் பிடிப்பில் சிக்கியோ, ஆர்மேச்சர் தண்டிலுள்ள செம்புத் தகடுகளின் வளையமான கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கடையில் உங்கள் டிரில்லைத் திறந்து இதைச் செய்திருந்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்திருக்கும்.

கண்ணால் பார்ப்பதும் பயன் தரும். மோட்டாரின் துளைகள் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்மேச்சர் கம்பிகள் செம்பொன் நிறத்தில் பளபளப்பாக இருந்தால் நல்லது. ஒரு பகுதி மட்டும் கரும்பழுப்பாகியிருந்தால் அங்கே சுற்று கெட்டிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கறுத்திருந்தால் மொத்த மோட்டாரும் நெடுநேரம் மிகுசுமையில் ஓடியிருக்கிறது. கம்யூட்டேட்டரின் செம்புத் தகடுகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறமாக இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம். அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் எரிந்து குழிந்திருந்தால் அந்தத் தகடுகளோடு இணைந்த காயில் அறுந்திருக்கும் அல்லது ஷார்ட் ஆகியிருக்கும். ஓடும்போது பிரஷ்ஷின் விளிம்பில் சின்னஞ்சிறு நீலப் பொறிகள் தெரிவது குற்றமில்லை. புதிய பிரஷ் உட்காரும் வரை சற்று அதிகமாகவே பொறி வரும். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அது கோளாறு. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் காயில்களின் மின்தடையை அளக்க முனைவார்கள். ஆனால் இந்த மோட்டார்களில் அது ஓர் ஓமுக்கும் மிகக் குறைவு என்பதால், சாதாரண மீட்டர் தன் சொந்தக் கம்பிகளின் மின்தடையையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றிவிடும். நல்ல ஆர்மேச்சரும் ஷார்ட் ஆனதும் அதில் ஒன்றுபோலவே தெரியலாம். கம்யூட்டேட்டருக்கும் இரும்புத் தண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அந்த மீட்டரை நம்பலாம். தொடர்பு இருக்கவே கூடாது.

மோட்டார் இந்தச் சோதனையில் தேறிவிட்டால் அடுத்த சந்தேகம் டிரிக்கர் சுவிட்ச். கார்ட்லெஸ் டிரில்லின் சுவிட்ச் வெறும் இணைப்பு அல்ல. அதற்குள் மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சாவி ஒன்று, நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. டிரிக்கரைப் பாதி அழுத்திக்கொண்டு கனமான வேலை செய்யும்போது அந்தச் சாவியும் அதற்குத் துணையாக உள்ள டையோடும் மிகவும் சூடாகின்றன. மாஸ்ஃபெட் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே கெடுகிறது. அப்போது டிரிக்கரை லேசாகத் தொட்டாலே முழு வேகம் பிடிக்கும், இடைப்பட்ட வேகம் எதுவும் இருக்காது. அது அறுந்துபோனால், டிரிக்கரை அடிவரை அழுத்தும்போது மட்டும் சில மாதிரிகளில் மோட்டார் ஓடும்; ஏனெனில் அந்த இடத்தில் மின்னணுச் சாவியைத் தாண்டி நேரடி இணைப்புத் தரும் முனை அவற்றில் இருக்கிறது. சுவிட்ச்சைப் பிரித்துச் சரிசெய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே சுவிட்ச்சை வாங்கிப் பொருத்துவதே முறை. இது மோட்டார் மாற்றுவதைவிட எளிது. டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திசை நெம்பை மாற்றும் பழக்கம் இந்தச் சுவிட்ச்சின் முனைகளை எரித்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பேட்டரியைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் 5 தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதிகத் திறன் கொண்டவற்றில் இத்தகைய வரிசைகள் இரண்டோ மூன்றோ இணையாக இருக்கும். சில நிறுவனங்கள் 20 வோல்ட் மேக்ஸ் என்று அச்சிடுவதும் இதே 5 செல் அமைப்பைத்தான். முழுதாகச் சார்ஜ் ஆனதும் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 21 வோல்ட் காட்டும். சும்மா இருக்கும்போது நல்ல மின்னழுத்தம் காட்டும் பேட்டரி, சுமை ஏறியதும் சரிந்துவிடலாம் என்பதால் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து அதற்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. பேட்டரியிலிருந்து புகையோ இனிப்பு கலந்த கரைப்பான் போன்ற நெடியோ வந்திருந்தால், அல்லது அது உப்பியிருந்தால், அதை மறுபடியும் சார்ஜரில் போடவே போடாதீர்கள். எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்து, பேட்டரிக் கழிவு பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு செல் மிகவும் தாழ்ந்துபோய்ச் சார்ஜர் ஏற்க மறுக்கும் பேட்டரியை, வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பிவிடலாம் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 2 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். அதைக் கட்டாயப்படுத்திச் சார்ஜ் செய்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். செல்களை மாற்றுவது ஸ்பாட் வெல்டிங் வைத்திருப்பவர்களின் வேலை. சால்டரிங் சூட்டை நேராகச் செல்லின் மேல் வைப்பது புதிய செல்லையே கெடுத்துவிடும்.

பேட்டரி பலவீனமாக இருந்ததால்தான் மோட்டார் கருகியது என்ற விளக்கத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது பாதி சரி. நிலைக்காந்த மோட்டாரில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம் அல்ல, அது தர வேண்டிய முறுக்குவிசை. அதே சுமைக்கு, பேட்டரி தளர்ந்திருந்தாலும் நிறைந்திருந்தாலும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு வேகத்தில்தான் வரும்: தளர்ந்த பேட்டரியில் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, விசிறியின் காற்று குறைகிறது, வேலை முடிய நேரம் கூடுகிறது, நின்றுபோகும் நிலையும் விரைவில் வருகிறது. ஆகவே பேட்டரி துணைக் காரணமாக இருக்கலாம். மூல காரணம் சுமைதான். இதற்கு எதிரான செயல் ஒன்றைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை: 12 வோல்ட் அல்லது 14.4 வோல்ட் டிரில்லுக்கு 18 வோல்ட் பேட்டரியை எப்படியோ பொருத்தி ஓட்டுவது மோட்டாரையும் சுவிட்ச்சையும் ஒருசேரக் கொல்லும்.

சரி, ஆர்மேச்சர் கருகியதே உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பி வைத்த பெரிய டிரில்லில் ஆர்மேச்சரை மறுபடி சுற்றித் தருவதைப் போல இதையும் சுற்றித் தர முடியுமா என்று கேட்பார்கள். இயலாதது அல்ல, ஆனால் இவ்வளவு சிறிய ஆர்மேச்சரில் கம்பியைச் சரியான இறுக்கத்தோடு சுற்றி, கம்யூட்டேட்டரில் பற்றவைத்து, அதிராமல் சமன்செய்வதற்கு ஆகும் உழைப்பு புதிய மோட்டாரின் விலையைத் தாண்டிவிடும். மோட்டாரை முழுதாக மாற்றுவதே பொருத்தம். மாதிரி எண்ணைக் கொண்டு அந்த நிறுவனத்தின் மோட்டாரையே வாங்குங்கள். கிடைக்காமல் பொது மோட்டார் வாங்குவதென்றால் மின்னழுத்தம், மோட்டாரின் விட்டம், நீளம், திருகுத் துளைகளின் இடைவெளி, தண்டின் தடிமன் இவற்றோடு சிறு பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையும் பல்லின் அளவும் ஒத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விவரத்தில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். விட்டம் ஒத்துப்போய், பல் ஒன்று கூடியிருந்தாலும் கியர் பெட்டி கரகரத்து விரைவில் பல் உடைந்துவிடும். பல்சக்கரம் ஏற்கெனவே பொருத்தப்பட்ட மோட்டாராக வாங்குவது நல்லது. பழையதைப் பிடுங்கிப் புதிய தண்டில் அடித்து ஏற்றும்போது தண்டு வளைவதையும் பேரிங் கெடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு பிரஷ்ஷில் மட்டும் என்றால் உங்களுக்கு நல்ல காலம். வெளியிலிருந்தே கழற்றக்கூடிய மூடி வைத்த மாதிரிகளில் இரண்டு பிரஷ்ஷையும் சேர்த்து மாற்றிவிட்டு, கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் படிந்த கார்பன் தூளை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும். தேய்ப்பதாக இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாள் போதும். எமரி தாளின் துகள்கள் மின்கடத்தக்கூடியவை என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மோட்டார் உறையே மடித்து மூடப்பட்ட மாதிரிகளில் பிரஷ் மட்டும் மாற்ற வழியில்லை.

உங்கள் டிரில் பிரஷ்லெஸ் வகையாக இருந்தால் மேலே மோட்டாரைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. அதில் கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும் கிடையாது. காந்தம் சுழல்கிறது, கம்பிச் சுற்று அசையாமல் உறையோடு நிற்கிறது, 6 மாஸ்ஃபெட்கள் கொண்ட பலகை அதை இயக்குகிறது. மின்னோட்டமோ வெப்பமோ மிகுந்தால் நிறுத்தும் அறிவு அந்தப் பலகைக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால் கம்பி கருகுவது அரிது; கெட்டால் பலகைதான் கெடுகிறது. பல மாதிரிகளில் அந்தப் பலகை பிசினால் மூடப்பட்டிருக்கும், சுவிட்ச்சும் மோட்டாரும் அதோடு ஒரே தொகுதியாக விற்கப்படும். அதைப் பாகம் பாகமாகச் சரிசெய்வது எளிதல்ல. கடையில் காயில் என்று சொல்லியிருப்பதையும், நீங்கள் புகை என்று எழுதியிருப்பதையும் வைத்து உங்களுடையது பிரஷ் வகை என்றே எடுத்துக்கொண்டு எழுதினேன்.

செலவு தகுமா என்பதில் என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். ஒப்பிட வேண்டியது பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த புதிய பெட்டியின் விலையோடு அல்ல. பேட்டரி இல்லாமல் தனியாக விற்கும் வெற்று டிரில்லின் விலையோடு. உங்களிடம் நல்ல பேட்டரி ஏற்கெனவே இருக்கிறதல்லவா? பழுதுச் செலவு வெற்று டிரில்லின் விலையில் பாதிக்குள் அடங்கினால் சரிசெய்யுங்கள். அதைத் தாண்டினால், கியர் பெட்டியும் சக்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். சுவிட்ச், பிரஷ், இணைப்பு முனை என்றால் எப்போதும் சரிசெய்வதே நல்லது. பேட்டரியும் மோட்டாரும் ஒருசேரப் போயிருந்தால் நான் விட்டுவிடுவேன். கடைக்கு மறுபடியும் போகும்போது மூன்று விஷயங்களை முன்பே பேசிக்கொள்ளுங்கள்: திறந்து பார்ப்பதற்கு மட்டும் என்ன கட்டணம், மாற்றப்போகும் பாகத்தின் எண் என்ன, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்களா. பழைய பாகத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் கருவியைக் கொடுக்காதீர்கள். உத்தரவாதம் இருந்தாலும், கருகிய ஆர்மேச்சரை மிகுசுமையின் அடையாளமாகக் கருதி மறுக்கிறார்கள் என்பதும் உண்மை. வேலையை மறைக்காமல் சொல்லி, எழுத்தில் விடை கேட்பதே உங்களால் செய்யக்கூடியது.

மறுபடியும் கருகாதா என்ற கேள்விக்கு விடை, பூட்டுத் துளையை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. புதிய மோட்டாரைப் பொருத்தியதும் சுமையின்றி இரு திசைகளிலும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தி உட்காரும். வேகப் பொத்தானை 1 என்ற எண்ணில் வையுங்கள். கியர் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவதால் அதே துளைக்கு மோட்டார் வேகமாகவும் இலகுவாகவும் சுற்றும். 2 என்ற எண்ணில் ஹோல் சா போடுவதே இத்தகைய கருகல்களுக்குப் பெரும்பாலும் காரணம். உங்கள் டிரில்லும் அந்த நிலையில்தான் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கிளட்ச் வளையத்தைத் துளையிடும் குறியில் வைத்துவிட்டால் சிக்கும்போது அது வழுக்கி விடாது; டிரிக்கரை விடுவதற்கு உங்கள் விரல்தான் தயாராக இருக்க வேண்டும். நடு பிட் மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து மீதியை அறுங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை ஹோல் சாவை வெளியே இழுத்துப் பல்லில் அடைந்த மரத்தூளை உதறிவிடுங்கள். தூள் அடைந்த பல் அறுப்பதில்லை, உரசுகிறது. மரம் கருகும் மணம் வந்தால் அதுதான் நடக்கிறது. உறை கைக்குச் சுடத் தொடங்கினால் உடனே ஓரமாக வைத்துவிடாமல், ஹோல் சாவை வெளியே எடுத்து, முழு வேகத்தில் சுமையின்றி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். விசிறியின் காற்று அப்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். காற்றுத் துளைகளை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள். சாந்தும் பெயின்ட்டும் கலக்குவது போன்று இடைவிடாமல் சுமை தரும் வேலைகளுக்கு மின்கம்பி வைத்த கருவியே ஏற்றது.

கடையில் மறுபடியும் திறக்க மறுத்தால், மேலே சொன்ன கைச்சோதனையை நீங்களே செய்து, முனைகளை இணைக்காதபோதும் இணைத்தபோதும் சுழற்சி எப்படி இருந்தது என்பதையும், கம்யூட்டேட்டரின் நிறத்தையும், டிரில்லின் மாதிரி எண்ணையும் இங்கே எழுதுங்கள். அவை இருந்தால் எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை இப்போதைவிட உறுதியாகச் சொல்ல முடியும்.